10 மாதம் என் கால்களுக்குக் காவல் நின்றேன்

அதிகாலையில் தண்ணீர் குடிக்க எழுந்தேன், எழுந்த வேகத்தில் கட்டிலிலேயே விழுந்தேன். அறை முழுக்க ஒரே பக்கமாக ஓடிக்கொண்டிருந்தது. கண்ணை மூடினால் நின்றுவிடும் என்று மூடிப் பார்த்தேன், மூடிய கண்ணுக்குள்ளும் ஓடியது. வாந்தி, வியர்வை, தலையை ஓர் அங்குலம்கூட அசைக்க முடியவில்லை. தனியாக வசிப்பவர்களுக்குத் தெரியும், அந்த நேரத்தில் முதலில் வருவது நோயைப் பற்றிய பயம் இல்லை, கதவை யார் திறப்பார்கள் என்ற பயம்தான். தவழ்ந்து போய்த் தாழ்ப்பாளை நீக்கி வைத்துவிட்டுத்தான் அக்காவுக்குப் போன் செய்தேன்.

அவசரப் பிரிவில் இருந்த மருத்துவர் பேசச் சொன்னார், கை காலைத் தூக்கச் சொன்னார், மூக்கையும் தன் விரலையும் மாறி மாறித் தொடச் சொன்னார், தலையைப் பிடித்துச் சட்டென்று பக்கவாட்டில் திருப்பிக் கண்களையே உற்றுப் பார்த்தார். பக்கவாதம் இல்லை, உள்காதிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பில் அழற்சி, வெஸ்டிபுலர் நியூரைட்டிஸ் என்று சொன்னார். இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: திடீர்க் கிறுகிறுப்போடு பேச்சு குழறினாலோ, முகம் கோணினாலோ, பார்வை இரண்டாகத் தெரிந்தாலோ, கை கால் பலம் குறைந்தாலோ, கடுமையான தலைவலி வந்தாலோ, ஒரு காது சட்டென்று கேட்காமல் போனாலோ ஒரு நிமிடம்கூட வீட்டில் காத்திருக்கக் கூடாது. நான் கீழே எழுதப்போகும் எதுவும் அந்த நிலைக்குப் பொருந்தாது.

மூன்றாம் நாள் உட்கார முடிந்தது. ஒரு வாரத்தில் சுவரைப் பிடித்து நடந்தேன். மூன்றாவது வாரம் சுற்றல் முழுதாக நின்றுபோனது. எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன், உண்மையில் அப்போதுதான் ஆரம்பித்தது.

நடந்தால் பரவாயில்லை, சும்மா நின்றால்தான் பிரச்சினை. வரிசையில் நிற்கும்போது, பல் துலக்கும்போது, யாராவது வழியில் நிறுத்திப் பேசும்போது தரை மெத்தை மாதிரி அமுங்குவதாகத் தோன்றும். படகில் நிற்கிற உணர்வு என்று மருத்துவர்களிடம் சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது. பக்கத்தில் நிற்கும் பேருந்து நகர்ந்தால் நான் பின்னால் போவதாகத் தோன்றி எதையாவது பிடிப்பேன். பயிற்சி வகுப்பு எடுப்பது என் வேலை, ஒரு நாளைக்கு 5 மணி நேரம் நின்று பேச வேண்டும். முதல் வகுப்பிலேயே மேசையின் விளிம்பைப் பிடித்த கை நடுங்கியதை முன்வரிசையில் இருந்தவர்கள் பார்த்தார்கள். அன்றைக்கு நாற்காலியில் உட்கார்ந்து வகுப்பை முடித்தேன், அடுத்த வாரம் விடுப்பு எழுதிக் கொடுத்தேன்.

அதற்கப்புறம் நான் செய்தவற்றை ஒளிக்காமல் எழுதுகிறேன், ஏனென்றால் இதே பாதையில் இன்று வேறு யாரோ போய்க்கொண்டிருப்பார்கள். அடுத்தடுத்து மூன்று காது மூக்கு தொண்டை மருத்துவர்கள். மூளைக்கு ஒரு எம்ஆர்ஐ, கழுத்துக்கு ஒரு எம்ஆர்ஐ, ஆறு மாதம் கழித்து பயத்தில் மூளைக்கு மறுபடியும் ஒன்று. புதுக் கண்ணாடி. தடித்த அடிப்பாகம் வைத்த செருப்பு. இடுப்புப் பட்டை. கழுத்தைத் திருகி விடுபவர் ஒருவரிடம் எட்டு அமர்வுகள், அது ஆபத்தான வேலை என்று பின்னால்தான் தெரிந்தது. மொத்தமாகக் கணக்குப் போட்டால் ஏறக்குறைய நான்கு மாதச் சம்பளம் போயிருக்கிறது, சம்பளமில்லா விடுப்பு இரண்டு மாதம் தனி. எல்லா ஸ்கேனும் 'நார்மல்' என்று வந்தது. நார்மல் என்ற சொல்லைக் கேட்டு அழுதவர்கள் யாராவது இருந்தால் அவர்களுக்குப் புரியும், நோய் இல்லை என்பது அந்த நேரத்தில் நல்ல செய்தியாக இருப்பதில்லை.

மாத்திரை விஷயத்தில் செய்த தவறுக்கு இன்னும் மனம் ஆறவில்லை. முதல் மூன்று நாளுக்கு என்று கொடுத்த கிறுகிறுப்பை அடக்கும் மாத்திரையை நான் மூன்று மாதம் விழுங்கினேன். அதைப் போட்டால் கொஞ்சம் மந்தமாக, பாதுகாப்பாக இருந்தது. ஒரு பக்க உள்காது பலவீனமானால் இரண்டு பக்கத்திலிருந்தும் வரும் தகவலுக்கு நடுவே உள்ள வேறுபாட்டை மூளை புதிதாகக் கணக்குப் போட்டுப் பழக வேண்டும். தலையை அசைத்து, நடந்து, கொஞ்சம் தடுமாறினால்தான் அந்தப் பழக்கம் வரும். அடக்கும் மாத்திரையைத் தொடர்ந்து போட்டால் பழக வேண்டிய மூளையும் சேர்ந்து மந்தமாகிவிடும். ஆரம்பத்தில் இப்படி மாத்திரை கொடுத்தால், எத்தனை நாள், எப்போது நிறுத்த வேண்டும் என்று அங்கேயே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நான் கேட்கவில்லை.

ஆனால் என்னை உண்மையில் பிடித்து வைத்திருந்தது மாத்திரை இல்லை, போன். சாய்வை அளக்கிற ஒரு செயலியைக் கண்டுபிடித்தேன். போனை நெஞ்சில் பட்டை போட்டுக் கட்டிக்கொண்டு காலையும் இரவும் ஒரு நிமிடம் நிற்பேன், எவ்வளவு ஆடினேன் என்று நோட்டில் எழுதி வைப்பேன். நேற்றைவிடக் கூடியிருந்தால் அந்த நாள் போச்சு. வெளியே போனாலும் இதே சிந்தனைதான்: எடை இப்போது எந்தக் காலில் இருக்கிறது, குதிகாலிலா விரலிலா, இடுப்பு சாய்கிறதா, இப்போது வந்தது அந்த உணர்வா. முட்டியைப் பூட்டி, கால்விரல்களால் தரையைக் கவ்விக்கொண்டு நிற்பேன். மாலையானால் கெண்டைக்கால் கல்லாக இறுகியிருக்கும். இவ்வளவு கவனமாக இருந்தும் ஆடுகிறேனே, கவனம் இல்லாமல் இருந்தால் விழுந்தே போவேன் என்று உறுதியாக நம்பினேன். அக்கா ஒருநாள், "நீ இதைப் பத்தி நினைக்காம இருந்தாலே சரியாயிடும்" என்றாள். ஒரு வாரம் அவளிடம் பேசவில்லை. அவள் சொன்னதில் பாதி உண்மை இருந்தது, ஆனால் 'நினைக்காதே' என்றால் எப்படி நினைக்காமல் இருப்பது என்பதை அவளாலும் சொல்ல முடியவில்லை.

பத்தாவது மாதம், நரம்பியல் மருத்துவர் ஒருவர் சமநிலைப் பயிற்சி தெரிந்த ஒரு பிசியோதெரபிஸ்டிடம் அனுப்பினார். அவர் என் கோப்பைத் திறக்கவே இல்லை. "இந்தப் பத்து மாசத்துல எத்தனை தடவை விழுந்தீங்க?" என்று கேட்டார். யோசித்தேன். ஒரு தடவைகூட இல்லை. நானே அதைக் கவனித்திருக்கவில்லை. நோட்டில் நூறு பக்கத்துக்கு மேல் ஆட்டக் கணக்கு இருந்தது, விழவே இல்லை என்ற ஒரு வரி மட்டும் இல்லை.

பிறகு ஒரு சோதனை செய்தார். கனமான பஞ்சு மெத்தைத் துண்டின் மேல் என்னை நிற்கவைத்து, "முடிஞ்ச அளவு ஆடாம நில்லுங்க" என்று சொல்லி வீடியோ எடுத்தார். அடுத்து அதே மெத்தையில் நிற்கவைத்து, 100 முதல் ஏழு ஏழாகக் குறைத்துச் சத்தமாகச் சொல்லச் சொன்னார். 93, 86, 79 என்று திணறிக்கொண்டே போனேன். இரண்டு வீடியோவையும் அருகருகே ஓட்டிக் காட்டினார். முதலாவதில் நான் சிறுசிறு நடுக்கமாக, வேகவேகமாக ஆடிக்கொண்டிருந்தேன், தாடை இறுகியிருந்தது. இரண்டாவதில் நிற்பது வேறு ஆள் மாதிரி இருந்தது, தோள் இறங்கி, மெதுவாக, சாதாரணமாக. எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. பத்து மாதம் தொலைந்ததை நினைத்தா, திரும்பி வர வழியிருக்கிறது என்று தெரிந்ததாலா, இன்றும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

அவர் விளக்கியதை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். யாருமே அசையாமல் நிற்பதில்லை. உடலின் எடை மையம் கணுக்காலுக்குச் சற்று முன்னால் இருப்பதால் நாம் எப்போதும் முன்பக்கம் விழத்தான் பார்க்கிறோம், கெண்டைத்தசை விட்டுவிட்டுப் பின்னால் இழுத்துக்கொண்டே இருக்கிறது. அந்த மெல்லிய ஆட்டம் ஆரோக்கியமான எல்லோரிடமும் உண்டு, நமக்குத் தெரியாமலே நடக்கிறது. நெஞ்சில் போனைக் கட்டி நான் அளந்ததில் பெரும்பங்கு அந்த ஆட்டம்தான். ஆட்டத்தைச் சரிசெய்ய மூன்று இடத்திலிருந்து தகவல் வருகிறது: கண், உள்காது, அப்புறம் பாதத்தின் தொடுவுணர்வும் தசை மூட்டுகளின் நிலையுணர்வும். வெளிச்சமான இடத்தில், கெட்டியான தரையில் ஆரோக்கியமான ஒருவர் ஏறக்குறைய 70 சதவீதம் பாதத்தையும் தசைகளையும், 20 சதவீதம் உள்காதையும், 10 சதவீதம் கண்ணையும் நம்புகிறார் என்பது சமநிலை ஆய்வாளர்கள் வழக்கமாகச் சொல்லும் கணக்கு. உள்காது என்னைக் கைவிட்ட அந்த மூன்று வாரத்தில் என் மூளை கண்ணை அளவுக்கு மீறி நம்பத் தொடங்கியிருந்தது, உள்காது தேறிய பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. பேருந்து நகர்ந்தால் நானும் நகர்ந்ததற்குக் காரணம் இதுதான். 70 சதவீதத் தகவல் தரக்கூடிய பாதத்தையோ நான் விரலை மடக்கி, முட்டியைப் பூட்டி, தடித்த செருப்புக்குள் அடைத்து வைத்திருந்தேன்.

உயரமான மேடையின் விளிம்பில் ஆட்களை நிற்கவைத்துப் பார்த்த ஆய்வுகள் உண்டு. பயம் வந்ததும் உடல் விறைத்து, ஆட்டத்தின் அளவு குறைந்து, வேகம் கூடுகிறது. காலின் முன்தசையும் பின்தசையும் ஒரே நேரத்தில் இறுகிக்கொள்வதால் வருவது அது. நான் சமதரையில் நின்றுகொண்டே விளிம்பில் நிற்பவரைப் போல நின்றிருக்கிறேன், பத்து மாதம். கேப்ரியேலே வுல்ஃப் என்ற ஆய்வாளர் 1990களின் இறுதியிலிருந்து இன்னொரு கோணத்தில் பார்த்திருக்கிறார். ஆடும் பலகையில் நிற்பவர்களில் ஒரு பகுதியினரைத் தங்கள் பாதத்தைக் கவனிக்கச் சொன்னார், மற்றவர்களைப் பாதத்துக்கு முன்னால் பலகையில் ஒட்டியிருந்த குறியைக் கவனிக்கச் சொன்னார். பயிற்சிக்குப் பிறகு குறியைக் கவனித்தவர்கள்தான் நிலையாக நின்றார்கள். கவனம் உடலுக்குள் திரும்பினால், தானாக நடக்க வேண்டிய வேலையில் நாம் கை வைத்துக் குழப்புகிறோம் என்பது அவருடைய விளக்கம்.

என் நிலைக்கு ஒரு பெயர் இருந்தது என்பதும் அப்போதுதான் தெரிந்தது. பெர்சிஸ்டென்ட் போஸ்ச்சுரல்-பெர்செப்சுவல் டிஸினெஸ், அதாவது விடாமல் தொடரும் ஒரு தள்ளாட்டம், சுருக்கமாகப் பிபிபிடி (PPPD) என்கிறார்கள். 1986இல் ஜெர்மானிய நரம்பியலாளர்கள் பிராண்ட், டீட்டரிச் இருவரும் 'ஃபோபிக் போஸ்ச்சுரல் வெர்டிகோ' (பயத்தோடு சேர்ந்து வரும் தள்ளாட்டம்) என்று விவரித்த நோயும் வேறு சில விவரிப்புகளும் சேர்ந்து இந்தப் பெயருக்குள் வந்தன, 2017இல் தலைசுற்றல், சமநிலைக் கோளாறுகளை ஆராயும் சர்வதேச அமைப்பான பாரனி சொசைட்டி இதற்கு வரையறை வெளியிட்டது. மூன்று மாதமோ அதற்கு மேலோ, பெரும்பாலான நாட்களில் தள்ளாட்டம் இருக்க வேண்டும், நிமிர்ந்து நிற்கும்போதும், அசைவிலும், கண்ணுக்கு முன்னால் நிறைய அசைந்தாலும் அது கூட வேண்டும் என்கிறது வரையறை. இது கற்பனை இல்லை, நடிப்பும் இல்லை. ஸ்கேனில் தெரியும்படி எதுவும் உடையவில்லை, இயங்கும் முறை மாறிப்போயிருக்கிறது. உங்களுக்கு எல்லாப் பரிசோதனையும் நார்மல் என்று வந்து, நிற்கும்போது மட்டும் மாதக்கணக்கில் தள்ளாட்டம் இருந்தால், இந்தப் பெயரைச் சொல்லியே மருத்துவரிடம் கேளுங்கள். 'தலைசுற்றல்' என்று மட்டும் சொல்லாமல், அறை சுற்றுகிறதா, நீங்கள் ஆடுகிறீர்களா, நடந்தால் குறைகிறதா, எதையாவது லேசாகத் தொட்டால் குறைகிறதா என்று பிரித்துச் சொல்லுங்கள். நான் அப்படிச் சொல்லியிருந்தால் ஆறு மாதமாவது மிச்சமாகியிருக்கும்.

பயிற்சி 12 வாரம். முதல் வேலை, செயலியை அழித்தேன், நோட்டை அக்காவிடம் கொடுத்தேன். தினமும் வெறுங்காலில் சுவரோரம் நின்று ஒரு விரல் நுனியை மட்டும் சுவரில் வைக்க வேண்டும், சாயக் கூடாது. 1994இல் ஜெக்கா, லாக்னர் என்ற இருவர் காட்டிய விஷயம் இது: 100 கிராம் எடைக்கும் குறைவான அழுத்தத்தில் தொட்டாலே ஆட்டம் நன்றாகக் குறைகிறது. அந்த விரல் உடலைத் தாங்குவதில்லை, நீ எங்கே இருக்கிறாய் என்ற தகவலை மட்டும் மூளைக்குத் தருகிறது. அடுத்து விரலை எடுத்துவிட்டு, முக்கால் பங்கு தண்ணீர் ஊற்றிய தம்ளரைப் பிடித்து நிற்பது. காலைப் பற்றி யோசிக்கக் கூடாது, தண்ணீரின் மேல்பரப்பு அமைதியாக இருக்கிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும். எனக்கு மிகவும் உதவியது இதுதான். சுவரில் ஒட்டிய ஓர் எழுத்தைப் பார்த்தபடி தலையைப் பக்கவாட்டில் அசைப்பது முதல் வாரத்தில் குமட்டியது, 30 விநாடிகூடத் தாங்கவில்லை. அப்புறம்தான் மெத்தை, கண்ணை மூடி நிற்பது எல்லாம். கண்ணை மூடும் பயிற்சியை இரண்டு சுவர் சேரும் மூலையில் நின்று, முன்னால் ஒரு நாற்காலி போட்டுக்கொண்டுதான் செய்ய வேண்டும். நான் அவசரப்பட்டு ஒருநாள் அறை நடுவில் செய்து கட்டில் விளிம்பில் முழங்காலை இடித்துக்கொண்டேன், மூன்று நாள் பயிற்சி நின்றுபோனது.

இங்கே ஒரு விஷயத்தில் நான் வெகுநாள் குழம்பினேன். உடலைக் கவனிக்கக் கூடாது என்கிறார், ஆனால் வெறுங்காலில் நின்று தரையின் குளிர்ச்சியை, சொரசொரப்பை உணரச் சொல்கிறார். இரண்டும் எப்படிச் சேரும்? அவரிடமே கேட்டேன். "தரை எப்படி இருக்குன்னு கால் சொல்றதைக் கேக்கறது வேற, கால் ஒழுங்கா வேலை செய்யுதான்னு மேற்பார்வை பாக்கறது வேற" என்றார். எனக்கு இது பிடிபட நாலைந்து வாரம் ஆனது. முதலாவதில் கவனம் பாதம் வழியாகத் தரைக்குப் போகிறது, மூச்சு சாதாரணமாக இருக்கிறது. இரண்டாவதில் கேள்வி ஒன்றுதான், 'விழப்போகிறேனா?' அந்தக் கேள்வி வந்துவிட்டால் விரல்கள் தானாக மடங்கும். விரல் மடங்குவதையே நான் அடையாளமாக வைத்துக்கொண்டேன். மடங்கியது தெரிந்தால் விரலை நீட்டிவிட்டு, எதிரே இருக்கும் எதையாவது பார்த்துப் படிப்பேன், அவ்வளவுதான், அதற்கு மேல் ஆராய மாட்டேன்.

இதைப் பற்றி மேலும் படித்தபோது இயன் வாட்டர்மேன் என்பவரைப் பற்றித் தெரிந்துகொண்டேன். 1971இல், 19 வயதில், ஒரு காய்ச்சலுக்குப் பிறகு கழுத்துக்குக் கீழே தொடுவுணர்வும் நிலையுணர்வும் முழுதாகப் போய்விட்டன. தசைகள் இயங்கும், ஆனால் கை கால் எங்கே இருக்கிறது என்று தெரியாது. அவர் கண்ணால் பார்த்து, ஒவ்வோர் அசைவையும் யோசித்து யோசித்து நிற்கவும் நடக்கவும் மறுபடி கற்றார். விளக்கு அணைந்தால் விழுந்துவிடுவார். அவருக்கு அந்த இடைவிடாத கவனம் உயிர்க்கயிறு. என் பாதமும் தசையும் ஒழுங்காகத் தகவல் அனுப்பிக்கொண்டிருந்தபோதே அவர் உழைத்த உழைப்பை நான் உழைத்துக்கொண்டிருந்தேன். நாள் முழுக்க ஏன் அவ்வளவு களைத்துப்போனேன் என்பது அவரைப் பற்றிப் படித்தபோதுதான் புரிந்தது.

எல்லோருக்கும் கவனத்தைத் திருப்பினால் சரியாகிவிடும் என்று மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள். என் அம்மாவுக்கு 74 வயது. நடந்துகொண்டே ஏதாவது கேட்டால் நின்றுதான் பதில் சொல்வார். 1997இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள், பேசினால் நடையை நிறுத்திவிடும் முதியவர்கள் பின்னால் விழும் வாய்ப்பு அதிகம் என்று காட்டினார்கள். அம்மாவுக்குச் சமநிலையே கவனத்தில் பெரும்பங்கை எடுத்துக்கொள்கிறது, பேச்சுக்குக் கொடுத்தால் காலுக்குப் போதாமல் போகும். அவரை ஏழு ஏழாகக் குறைத்து எண்ணச் சொன்னால் ஆபத்து. இப்போது அம்மாவோடு படி ஏறும்போது நான் பேசுவதில்லை, ஏறி முடித்த பிறகு பேசுகிறோம். சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவர்களுக்கும் கதை வேறு, அவர்கள் கண்ணையும் கைப்பிடியையும் நம்பித்தான் ஆக வேண்டும். உங்களுக்கு எது என்று ஒரு நல்ல பரிசோதனைக்குப் பிறகுதான் தெரியும், அதனால் இதைப் படித்துவிட்டு நேராக மெத்தையில் ஏறி நிற்காதீர்கள்.

எட்டாவது வாரம் அரைநாள் வகுப்பு எடுத்தேன். மேசையைத் தொடாமல் பேசியது 20 நிமிடம் இருக்கும், அதற்கு மேல் முடியவில்லை, ஆனால் விறைத்த கெண்டைக்காலோடு வீடு திரும்பவில்லை. 12 வாரம் முடிந்தபோது முழு வகுப்பும் நின்றே எடுத்தேன். முழுதாகக் குணமாகிவிட்டதா என்று கேட்டால், இல்லை. தூக்கம் கெட்டாலும், உடம்பு சரியில்லாமல் போனாலும் திரும்ப எட்டிப் பார்க்கும். போன மாதம் நான்கு நாள் காய்ச்சல், எழுந்து நின்றதும் தரை அமுங்கியது. போனை எடுத்து அந்தச் செயலியை மறுபடி போடலாமா என்று கை போனது உண்மை. போடவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, சுவரில் ஒரு விரலை வைத்து, எதிரே மாட்டியிருந்த நாட்காட்டியில் அந்த மாதத்து விடுமுறை நாட்களை எண்ணிக்கொண்டு நின்றேன். மறுநாளும் அப்படியே. ஐந்தாம் நாள் விரலை எடுத்துவிட்டேன்.